சொட்டு மருந்தும் சோற்றுத் தட்டும்

சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுதில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பம் ஒன்றில் அங்கன்வாடி வாசலில் நின்றிருந்தேன். செவிலியர் ஒருவர், வரிசையில் நின்ற குழந்தைகளின் வாயில் சிறு கரண்டியால் மஞ்சள் நிற எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார். வைட்டமின் ஏ. ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம் நாட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுவது. மூன்று வயதுப் பையனை இடுப்பில் சுமந்திருந்த தாய் ஒருவர் என்னைக் கண்டதும் முகமலர்ச்சியோடு சொன்னார்: "எண்ணெய் குடுத்தாச்சு சாமி. இனி ஆறு மாசத்துக்குக் கண்ணப் பத்திக் கவலையில்ல."

அன்று நண்பகலில் அவர் வீட்டு வழியாக நடந்தபோது அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் தண்ணீர் விட்ட சோறு இருந்தது. தொட்டுக்கொள்ள ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் அடைத்து விற்கும் வறுவல். அவன் தந்தை விடியற்காலையில் கொண்டுவந்த நெத்திலியும் காரப்பொடியும் கூடையில் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டிருந்தன. தாயும் கூடையோடு போய்விட்டிருந்தார். கடலை முற்றத்தில் வைத்திருக்கும் வீட்டில் ஒரு துண்டு மீன் இல்லை.

எண்ணெய் நல்லது. அதில் எனக்கு ஐயமில்லை. என்னை உறுத்தியது வேறொன்று. அந்தக் கரண்டி எண்ணெய் பையனின் ஈரலில் சென்று தங்கியது. அதே வேளையில் செவிலியர், தாய், நான், அரசு என எல்லாருடைய நெஞ்சிலும் ஒரு நிம்மதியாகவும் தங்கியது. இனி ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. அந்த நிம்மதியைப் பெற நமக்கு உரிமை உண்டா? நன்மை செய்யும் ஒரு மருந்து, அதைக் கொடுப்பவனுக்குக் கடமையிலிருந்து விடுப்புச் சீட்டாக மாறிவிடலாகுமா?

இக்கேள்வியோடு வாழ்நாளெல்லாம் போராடிய மனிதர் ஒருவர் நம் தமிழகத்தில் பிறந்திருக்கிறார். அவர் மறையுரையாளர் அல்லர். அறநூல் எழுதியவரும் அல்லர். சோற்றையும் கீரையையும் குழந்தைகளின் எடையையும் அளந்துகொண்டிருந்த மருத்துவர். டாக்டர் சி. கோபாலன். 1918 நவம்பர் 29 அன்று சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, இலண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பி, நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியில் சேர்ந்தார். 2019 அக்டோபர் 3 அன்று, நூற்றொன்றாம் பிறந்தநாளுக்கு இரு மாதங்கள் முன்னதாக இறந்தார்.

அந்தக் குன்னூர்க் கூடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இராபர்ட் மெக்காரிசன் என்னும் இராணுவ மருத்துவர் அதற்கு வித்திட்டவர். வைட்டமின் என்னும் சொல்லே புதிதாயிருந்த காலம் அது. அவர் 1920களில் எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அவற்றுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை கடைசியில் நின்றன. இதைக் கேட்டு நம் தன்மானம் சற்றே சுருங்கலாம். ஆனால் ஒன்றை நினைக்க வேண்டும். எலி தன் உணவைத் தேர்ந்துகொள்வதில்லை. கூண்டுக்குள் வைத்ததைத் தின்கிறது. சென்னை மாகாணத்து ஏழையும் பாலையும் பழத்தையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு வெறுஞ்சோற்றைத் தேர்ந்துகொண்டவன் அல்லன்.

அக்கூடம் பெரிபெரி நோயையும் ஆராய்ந்தது. தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அந்நோய் இருந்தது. புழுங்கலரிசி உண்டவர்கள் அதற்குத் தப்பினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பது காரணம். செங்கற்பட்டுச் சீமையில் ஏரிக்கரைக் களங்களில் நெல் அவியும் மணத்தோடு வளர்ந்தவன் நான். எங்கள் பாட்டிமார் பெயர் தெரியாமலே அந்தச் சத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காத்துத் தந்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடம் பிறகு வந்து காரணம் சொன்னது. இது போகட்டும்.

ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் கோபாலன் அதன் இயக்குநரானார். குழந்தைகள் பார்வை இழப்பது அக்காலத்தின் பெருந்துயரங்களுள் ஒன்று. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண். அந்தி மயங்கியதும் குழந்தை தாயின் முகம் தெரியாமல் தடுமாறும். பின்பு விழியின் வெள்ளையில் நுரைபோன்ற திட்டுகள். அதன்மேல் அம்மையோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால் கருவிழிப் படலம் சில நாட்களிலேயே உருகிப்போகும். பெரும்பாலும் இரு கண்களும். உருகியபின் மீட்க வழியில்லை.

இதற்கு அவரும் அவருடன் பணியாற்றியோரும் கண்ட வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. வைட்டமின் ஏ ஈரலில் சேமிக்கப்படும் தன்மையுடையது. ஆகவே பல மாதங்களுக்கு வேண்டியதை ஒரே வேளையில் கொடுத்தால் ஈரல் அதைக் களஞ்சியம்போல் வைத்திருந்து சிறிது சிறிதாகச் செலவிடும். சோதித்துப் பார்த்தார்கள், பலித்தது. 1970இல் அரசு இதை நாடளாவிய திட்டமாக்கியது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு. குப்பத்தில் நான் கண்ட கரண்டியின் வரலாறு இதுதான்.

வேறொருவராயிருந்தால் இந்த இடத்தில் பொன்னாடையை வாங்கிக்கொண்டு அமர்ந்திருப்பார். கோபாலன் அமரவில்லை. தாம் வகுத்த மருந்துக்கு எதிராகவே, பின்னாளில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள், எழுதியும் பேசியும் வந்தார். மருந்து பொய் என்று அவர் சொல்லவில்லை. அது அவசர காலத்துக்கு உரியது, கீரையும் பழமும் பாலும் தட்டுக்கு வரும் வரைக்கும் இடைக்காலத்துக்கு உரியது என்றுதான் சொன்னார். இடைக்காலத்துக்கென்று போட்ட ஓலைப்பந்தலையே வீடு என்று சொல்லிப் பட்டா எழுதிக் கொடுத்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. கருவிழி உருகும் கொடுமை வெகுவாகக் குறைந்த பின்பும், குறையுள்ளது இல்லாதது பாராமல் எல்லாக் குழந்தைக்கும் ஆண்டுதோறும் பெருமருந்தூட்டுவது ஏன் என்று கேட்டார். ஏழைக் குழந்தைக்கு ஏ மட்டுமா குறைகிறது, சோறே குறைகிறதே என்றார். தொண்ணூறை நெருங்கிய வயதிலும் இதையே எழுதிக்கொண்டிருந்தார்.

இது முதுமையின் பிடிவாதம் அன்று. அவருடைய பணி முழுவதிலும் இந்த ஒரே நூல் ஓடுகிறது. 1960களில் உலக அமைப்புகளெல்லாம் ஏழை நாடுகளின் குறை புரதக்குறை என்று முழங்கின. மீன்மாவு, சோயாமாவு என்று விதவிதமான புரதத் தூள்கள் ஏழைகளுக்காக வகுக்கப்பட்டன. கோபாலனும் அவர் குழுவினரும் கிராமத்துக் குழந்தைகளின் உணவை நிறுத்துப் பார்த்தார்கள். உண்ணும் சோறே போதாதபோது, உண்ட புரதமும் உடல் வளர்க்கப் பயன்படாமல் விறகாக எரிந்துவிடுகிறது என்று கண்டார்கள். 1973இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் கோதுமை மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த பண்டத்தை நாள்தோறும் கொடுத்தார்கள். 310 கலோரி, புரதம் 3 கிராம் மட்டுமே. அக்குழந்தைகள் மற்றவர்களைக் காட்டிலும் நன்றாக வளர்ந்தார்கள். குறையின் பெயர் பசி. அந்தச் சொல்லைச் சொன்னால் கூலியையும் நிலத்தையும் பற்றிப் பேச வேண்டிவரும். புரதக்குறை என்றால் தூள் விற்றால் போதும்.

1980களில் டேவிட் செக்லர் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர், இந்திய ஏழைகளில் பெரும்பாலோர் உருவில் சிறுத்திருந்தாலும் நலமாகவே இருக்கிறார்கள், குறைந்த உணவுக்கு உடல் தன்னைத் தகவமைத்துக்கொண்டது என்றொரு கருத்தை முன்வைத்தார். கோபாலன் கொண்ட சினம் அவருடைய கட்டுரைகளில் மறையவே இல்லை. சிறுத்துப்போனது தகவமைப்பன்று, இழப்பு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் உயர்ந்து வளரும் நாட்டில் ஏழையின் குட்டையுருவை நலம் என்று பெயரிடுவது அநீதி என்பது அவர் வாதம்.

அவர் எப்போதும் சரியாகவே சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. சோளம் உண்ணும் தக்காண மக்களிடையே காணப்பட்ட பெலாக்ரா என்னும் தோல்நோய்க்கு, சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் பொருளே காரணம் என்று 1960இல் அவரும் அவருடைய தோழரும் கருதினர். பின்வந்த ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. அறிவியலில் இது இயல்பே.

வைட்டமின் ஏயிலுங்கூட அவருக்கு எதிரான சான்று ஒன்று நம் மாநிலத்திலிருந்தே வந்தது. அதை மறைத்துவிட்டு எழுதினால் நேர்மையாகாது. 1990இல் வெளியான ஆய்வு அது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஓராண்டு காலம் வாரந்தோறும் வீடு தேடிச் சென்று பார்த்தார்கள். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு, ஒரு வாரத்துக்கு இயல்பாக வேண்டிய அளவு வைட்டமின் ஏ வாரந்தோறும் கொடுக்கப்பட்டது. அக்குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. கண் மட்டுமன்று, உயிரே காக்கப்பட்டது. அதே ஆண்டில் ஐதராபாத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெருமருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வில் இறப்பு குறையவில்லை. 2013இல் உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்த ஆய்வின் முடிவு வெளியானபோது, குறைவு 4 விழுக்காடுதான். அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய அளவே. இவ்வேறுபாடுகளுக்கு அறிஞர்கள் பல காரணங்கள் கூறுவர். நான் அத்துறையைச் சார்ந்தவன் அல்லன். ஆயினும் திருச்சிராப்பள்ளி ஆய்வில் என் மனம் நிலைத்தது வாரந்தோறும் என்ற சொல்லில். சிறிதளவு, அடிக்கடி, ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து. ஏறக்குறைய ஒரு தாய் ஊட்டுவதைப்போல.

எனினும் கேள்வி முடிந்துவிடவில்லை, கடினமாகிறது. நீதி வரட்டும், தட்டில் கீரை வரட்டும் என்று காத்திருக்கும் நாளில் ஒரு குழந்தை இறந்தால் அந்த இறப்புக்கு யார் பொறுப்பு? தட்டுக்காக வாதாடுகிறவன் கரண்டியைத் தட்டிவிட்டவன் ஆகிவிடானா? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரையில் பல வாரங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சுமந்தவன் நான். அன்று எவனாவது வந்து, பொட்டலம் கொடுப்பது மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்று தத்துவம் பேசியிருந்தால் அவனைக் கடலில் தள்ளியிருப்பேன். கொடுத்தது சரி, அன்று அதுவே நீதியும்கூட. பேரிடரில் எல்லாப் பொருளும் எல்லாருக்கும் பொது என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் எழுதிவைத்த பாடம்.

ஆனால் அதன்பின் நடந்ததையும் பார்த்தேன். மாதங்கள் கடந்தும் பொட்டலங்கள் வந்தன. பழந்துணிகள் லாரி லாரியாக வந்து சாலையோரத்தில் மழையில் நனைந்து மக்கின. யாரும் தொடவில்லை. கொடுக்கும் கைக்கு நிறுத்தத் தெரியவில்லை. காரணம், நிறுத்தினால் அடுத்த கேள்வி எழும்: இவர்கள் கரையில் எந்த நிலம் இவர்களுடையது? படகுக் கடன் யாருக்கு? பிடிக்கும் மீனுக்கு விலை வைப்பவர் யார்? பழந்துணி அக்கேள்விகளைப் போர்த்தி மூடியது.

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்றபோது, நீதி வேறு, இரக்கம் வேறு என்று வரையறை எழுதி மதிப்பெண் வாங்கினோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு ஒன்று, நீதிப்படி கடனாகத் தர வேண்டியதை அன்பின் நன்கொடையாகக் காட்டலாகாது என்று எச்சரிப்பதையும் படித்தோம். தேர்வில் எழுதினேன். வாழ்க்கையில் அது எங்கே நிற்கிறது என்று அறியச் சில ஆண்டுகள் ஆயின.

முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், நன்கொடையாளர் ஒருவரின் உதவியால் ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் தாய்மாருக்குச் சத்துமாவு டப்பா வழங்கினோம். டப்பாவில் பல வைட்டமின்களின் பட்டியல் அச்சிட்டிருக்கும். இரண்டாண்டுகள் நடந்தது. புகைப்படங்கள் எடுத்தோம், அறிக்கை அனுப்பினோம், நானே எழுதினேன், நல்ல நடையில். ஒரு நாள் வரிசையில் நின்ற பெண்ணொருத்தி மெல்லிய குரலில் கேட்டாள்: "மாவு குடுக்குறீங்க சாமி, கலக்குற பாலுக்குக் காசு யாரு குடுப்பாங்க?" சிரித்து மழுப்பிவிட்டேன். சில டப்பாக்கள் தேநீர்க் கடைக்கு விலைக்குப் போயின என்று பிறகு தெரிந்தது. ஏமாற்றுகிறார்கள் என்று மறையுரையில் கடிந்துகொண்டேன். இன்று நினைத்தால் நாணமாயிருக்கிறது. அப்பெண்ணுக்கு வேண்டியது மாவன்று, பாலுக்கான காசு. அவள் கணவன் பிடித்துவரும் மீனை, முன்பணம் கொடுத்த வியாபாரி தாம் வைத்த விலைக்கே எடுத்துக்கொள்வார். கடன் ஒருபோதும் அடையாது. அந்த வியாபாரி திருவிழாவுக்குத் தாராளமாக நன்கொடை தருபவர். இது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். டப்பா கொடுத்துக்கொண்டிருந்த இரண்டாண்டுகளில் நான் ஒருமுறைகூட அந்தக் கணக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவை எழாதபடி டப்பா என்னைக் காத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அயல்நாட்டிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது குறைந்ததால், சென்னை மாகாணத்து மீன்வளத் துறை சுறாவின் ஈரலிலிருந்து வைட்டமின் ஏ எண்ணெய் எடுத்தது. இக்கடல்களின் மீன் அன்று மருந்துப் புட்டியை நிரப்பியது. இன்று பொடிமீன்கள் கோழித்தீவனத்துக்கு அரைபடுகின்றன. நல்ல மீன் விடுதிகளுக்குப் போகிறது. மீனவன் பிள்ளைக்குக் கரண்டியில் எண்ணெய் வருகிறது. பாவம் என்று சொல்ல இதில் தனி மனிதர் யாரும் அகப்படமாட்டார்கள். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செம்மையாகவே செய்கிறார்கள்.

2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பள்ளிவயது எட்டாத குழந்தைகளிடையே வைட்டமின் ஏ குறைபாடு ஏறத்தாழ 18 விழுக்காடு. எல்லாருக்கும் கொடுப்பதை நிறுத்தி, தேவையுள்ளோருக்கு மட்டும் கொடுக்கலாம் என்று இப்போது ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். கோபாலன் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அவர் உடனே, நிறுத்திய இடத்தில் எதை வைக்கப் போகிறீர்கள் என்றும் கேட்டிருப்பார். கரண்டியை எடுத்துவிட்டுத் தட்டையும் காலியாக விடுவது நீதியன்று, சிக்கனம். இடையில் நியாயவிலைக் கடை அரிசியில் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் பி12உம் கலந்த மணிகள் வரத் தொடங்கிவிட்டன. எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் அவற்றைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறார்கள். அறியாமைதான், நான் விளக்கிச் சொல்கிறேன். சொல்லும்போதே, சோற்றோடு ஒரு முட்டையும் கைப்பிடி முருங்கைக்கீரையும் ஒரு கரண்டி எண்ணெயும் சேரும் வீட்டில் இந்த மணிக்கு வேலையில்லையே என்ற எண்ணமும் உடன் வருகிறது.

சென்ற மாதம் பழைய நன்கொடையாளரிடமிருந்து கடிதம் வந்தது. இந்தப் பங்கிலும் சத்துமாவுத் திட்டத்தைத் தொடங்க விருப்பமாம். பங்குப் பேரவையில் வைத்தேன். எல்லாரும் மகிழ்ந்தார்கள். மாவை வாங்கிக்கொள்வோம், அதனோடு படகுக்காரர்களின் முன்பணக் கணக்குகளை ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பார்ப்போமா என்று கேட்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "மாவு வாங்கிக்கலாம் சாமி. கணக்கு நோட்டக் கேட்டா ஊர்ல வம்பு வரும்."

குப்பத்துப் பையனுக்கு அடுத்த தவணை எண்ணெய் ஊற்றும் நாள் நெருங்குகிறது. அவன் தாயிடம் மறக்காமல் அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். நன்கொடையாளரின் கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை.